ஓரத்தில் நின்ற மச்சான்

என் வீட்டுச் சுவரில் என் மச்சானைத் தொங்கவிடுவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். உறுதியான முடிவு. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த முடிவு. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்த முடிவு.

தொங்கவிடுவது என்றால் படமாகத்தான். ஆள் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார். அதுதான் என் பிரச்சினையே.

என் பெயர் தோபியாஸ். குளச்சலில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். திரும்பி வரும்போது ஒரு டிஜிட்டல் கேமராவும் ஒரு கம்ப்யூட்டரும் கொண்டு வந்தேன். ‘கம்ப்யூட்டர் தெரிந்தவன்’ என்ற பெயரும் கூடவே வந்தது. அதைப் பற்றி ஏர்போர்ட் கஸ்டம்ஸில் யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன்.

என் மனைவி இசபெல். ஒரே மகள் லிஜா. இசபெலின் அண்ணன் இஞ்ஞாசி. கடலுக்குப் போகிறவர். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் என்று சொல்வார்கள். அது தப்பு. அவர் பேசுவதே கிடையாது, சத்தம் மட்டும்தான்.

போன வருடம் லிஜாவுக்குப் புதுநன்மை கொடுத்தார்கள், பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற சடங்கு. பூசை முடிந்து கோயிலுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்தோம். என் கேமராவை வாங்கி கோயில் உபதேசியார் எடுத்தார். இசபெல், அடுத்து வெள்ளை உடுப்பில் லிஜா, அடுத்து நான், ஓரத்தில் இஞ்ஞாசி. அவருடைய கை என் தோள்மேல். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு பந்தி. பந்தியில் இஞ்ஞாசிக்கு ஒரு கதை ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அவர் என்னைத் தன் வள்ளத்தில் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போன கதை. நான் கடற்கரையில் பிறந்தவன். என் அப்பா கடலுக்குப் போனவர். அவருடைய அப்பாவும் போனவர். எனக்கு மட்டும் கரை மறைந்தால் வயிறு புரளும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இஞ்ஞாசி எல்லாரிடமும் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் செருகி, கன்னத்தை உப்பி, நான் எப்படி வாந்தி எடுத்தேன் என்று நடித்தும் காட்டினார். பந்தியே உருண்டது. பரிமாறுகிறவன் கையிலிருந்த குழம்பு வாளி ஆடியது.

என் மகளும் சிரித்தாள். தலையில் பூமுடியோடு, கையில் மெழுகுதிரியோடு, வானத்திலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி இருந்துகொண்டு சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை நான் மறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து இஞ்ஞாசியோடு எனக்குப் பேச்சு இல்லை. ரோட்டில் எதிரே வந்தால் பக்கத்தில் இருக்கும் கடைக்குள் ஏறிவிடுவேன். இப்படி ஏறி ஏறி எனக்குத் தேவையில்லாத தாம்புக்கயிறு, உரம், மாட்டுத்தீவனம் எல்லாம் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் மாடு கிடையாது. இஞ்ஞாசி மட்டும் தங்கச்சி கையில் மீன் கொடுத்து அனுப்புவதை நிறுத்தவில்லை. நானும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கோபம் அவரோடுதான். அவர் பிடித்த சாளையோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

இப்படி ஒரு வருடம் ஓடிய பிறகுதான் இசபெல் அந்தப் பேச்சை எடுத்தாள்.

“லிஜாக்க புதுநன்ம படத்தப் பெருசாக்கிச் சுவர்ல மாட்டணும்.”

“எந்தப் படம்?”

“கோயிலுக்கு முன்னால எடுத்தது. எல்லாரும் சிரிச்சுட்டு நிக்கது.”

“அதுல வெளிச்சம் செரியில்ல.”

“கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு.”

“எனக்க தல சரிஞ்சிருக்கு.”

“உங்க தல எப்பவும் அப்பிடித்தானே நிக்குது.”

“வேற படம் இருக்கு ஏட்டி. லிஜா மட்டும் நிக்கது.”

“அதுல பிள்ள உம்முனு நிக்கா. முன்பல்லு இல்லன்னு வாயத் தொறக்காம இருந்தால்லா? இதுல மட்டுந்தான் சிரிக்கா.”

உண்மைதான். அன்று முழுவதும் எடுத்த படங்களில் அவள் வாய் திறந்து சிரித்தது அந்த ஒன்றில் மட்டும்தான்.

“திங்கள்சந்த ஸ்டூடியோவுல ஞானசிங் அண்ணன்கிட்ட கேட்டேன்” என்றாள். “ஜேபெக் படத்தத் திறந்து திறந்து சேவ் பண்ணப்பிடாதாம். பெருசாக்கும்போ கட்டம் கட்டமாத் தெரியுமாம். ஒரிஜினல அப்பிடியே வச்சுட்டு, காப்பி எடுத்து, டிஃப்பா மாத்திக் கொண்டு வரணுமாம். உங்களுக்குத் தெரியும்லா?”

“மஸ்கட்ல நான் தினமும் செய்தது அதாக்கும்” என்றேன். மஸ்கட்டில் நான் தினமும் செய்தது சிமெண்ட் மூட்டை எண்ணுவது.

“ஜேபெக்குன்னா என்ன?”

“படத்தச் சின்னதா மடக்கி வைக்க ஒரு வழி. கண்ணு கவனிக்காத விஷயத்த அதுவே கழிச்சு விட்டுரும்.”

“கண்ணு கவனிக்காதுன்னு ஆரு முடிவு பண்ணுவா?”

“அதுவேதான்.”

“ஆம்பிளைங்களப் போல” என்றாள் இசபெல். “அப்போ டிஃப்பு?”

“அது ஒண்ணையும் கழிக்காது. லாஸ்லெஸ்.”

“லாசரா?”

“லாசர் இல்ல. லாஸ்லெஸ். நஷ்டம் இல்லாதது.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னாள். “அண்ணன் பஹ்ரைனுக்குப் போவுதாவ. அங்க போட்டுல வேலயாம். விசா வந்தாச்சு. அதுக்கு முந்தி படம் வேணும்.”

“போவட்டும்.”

“போனா ரெண்டு வருசம்.”

“அவருக்கு என்ன? எல்லாக் கடலும் ஒண்ணுதான்.”

இசபெல் பேசவில்லை. இசபெல் பேசாமல் இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, நான் ஜெயித்துவிட்டேன். மற்றது, நான் ஜெயிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் அர்த்தம் ஒரு தடவைகூட வரவில்லை. இந்தத் தடவை வரவைத்துவிட வேண்டும் என்றுதான் அந்த முடிவை எடுத்தேன்.

திட்டம் சுலபமானது. படத்தின் வலது ஓரத்தை வெட்டுவேன். வெட்டியதை அதே பெயரில் சேவ் செய்வேன். இசபெல் கேட்டால் ஜேபெக் மேல் பழியைப் போடுவேன். கண் கவனிக்காததைக் கழித்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாயிற்று. காப்பி எடுத்து வேலை செய்யச் சொன்னாளே? சாட்சியை யாராவது பாதுகாத்து வைப்பார்களா? ஒரிஜினலிலேயே கை வைத்தேன்.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெட்டினேன். இஞ்ஞாசி போய்விட்டார். அவருடைய கை போகவில்லை.

என் தோள்மேல் ஐந்து விரல் இருந்தது. மணிக்கட்டுவரை இருந்தது. அதற்குப் பிறகு படம் முடிந்துவிட்டது. கோயிலுக்கு முன்னால் குடும்பத்தோடு நிற்கிற ஒருவனை யாரோ பின்னாலிருந்து கைது செய்வதுபோல இருந்தது. கையையும் சேர்த்து வெட்டலாம் என்றால் என் தோளும் ஒரு காதும் போகும். ஒரு காதோடு சுவரில் தொங்க எனக்கு விருப்பமில்லை.

சரி, விரலை மறைத்துவிடலாம். என் சட்டையின் நீலத்தை ஒரு துண்டு வெட்டி, விரல்மேல் ஒட்டினேன். விரல் மறைந்தது. தோள் கொஞ்சம் வீங்கியது. அடுத்த விரல். இன்னும் கொஞ்சம் வீங்கியது. அப்போது கரண்டு போயிற்று.

அந்த வருடம் எங்கள் ஊரில் கரண்டு விருந்தாளி மாதிரி. வரும், ஒரு காப்பி குடிக்கும், போகும். சேவ் செய்யாத வேலையெல்லாம் போய்விட்டது. கரண்டு வந்ததும் திரும்பத் திறந்து, திரும்ப ஒட்டி, இந்தத் தடவை உடனே சேவ் செய்தேன். மறுபடியும் போயிற்று. மறுபடியும் திறந்தேன். இப்படித் திறப்பதும் சேவ் செய்வதும் மூடுவதும் திறப்பதுமாக இருந்தபோது, கையில் தேநீரோடு இசபெல் பின்னால் வந்து நின்றாள். நான் கவனிக்கவில்லை.

“அண்ணன் எங்க?”

நாற்காலியிலேயே ஒருமுறை குதித்து உட்கார்ந்தேன்.

“கம்ப்ரஷன்” என்றேன்.

“அப்பிடின்னா?”

“நான் சொன்னம்லா? ஜேபெக்கு தேவையில்லாததக் கழிச்சுரும். மச்சான் ஓரத்துல நின்னாவ. ஓரத்துல நிக்கதத்தான் அது முதல்ல கழிக்கும்.”

“எங்கண்ணன் தேவையில்லாததாக்கும்?”

“நான் சொல்லல்ல. கம்ப்யூட்டர் சொல்லுது.”

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். “அவ்வளவு தடியான மனுசனக் கழிச்சுட்டு, பின்னால நிக்க வாழைமரத்த விட்டு வச்சிருக்கு?”

“அது… வாழைமரம் பச்சை நிறம். பச்சைய அது கழிக்காது.”

“செரி. இந்த ரெண்டு விரலு மட்டும் நிக்கே?”

“கன்வெர்ட் ஆயிட்டு இருக்கு.”

ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். சண்டை வரவில்லை. தேநீரை மேசையில் வைத்தாள். “நல்லாப் பெருசு பண்ணிப் பாத்துச் செய்யுங்க. அவசரம் இல்ல” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நினைப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

அவள் சொன்னபடியே பெரிதாக்கினேன். ஆனால் வெட்டிய படத்தில் பார்த்துப் பார்த்து ஒட்டியும் விரலின் ஓரம் எங்கே முடிகிறது, என் சட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஆகவே வெட்டிய துண்டைத் திறந்தேன். இஞ்ஞாசி இருந்த துண்டு. ஏதாவது தேவைப்படும் என்று தனியாக வைத்திருந்தேன். அதையும் பக்கத்தில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

நாள்பூரா இஞ்ஞாசி என் முகத்துக்கு நேரே இருந்தார். திரை கொள்ளாத முகம். புருவத்தில் ஒரு வெட்டுக்காயத் தழும்பு. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் சொந்தம், கேட்டதில்லை. காதோரம் நரைத்திருந்தது. கண்ணைச் சுருக்கி, முழு வாயையும் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது கேமராவை அல்ல, லிஜாவை. உபதேசியார் படம் எடுப்பதற்கு முந்தின நிமிடம் அவர் எதையோ சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம். என்ன சொன்னார்? யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. படத்தில் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். தலை சரிந்திருந்தது. அவர் பக்கமாகத்தான் சரிந்திருந்தது.

மவுஸைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்தேன். பிறகு கோபத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். கோபத்தையும் இப்படி ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சில நாட்களில் வேலை முடிந்தது. விரல் ஒன்றுகூட இல்லை. மொத்தப் படத்தையும் திறந்து பார்த்தேன்.

என் தோளில் ஒரு மூட்டை இருந்தது. நீல நிற மூட்டை. அது போகட்டும். முகங்கள்? திறந்து திறந்து சேவ் செய்ததில் முகங்களெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. இசபெலின் சேலை ஓரத்தில் கொசு மொய்த்தது போலப் புள்ளி. லிஜாவின் வெள்ளை உடுப்பு அழுக்குத் துணியாகியிருந்தது. அவளுடைய சிரிப்பைத் தேடினேன். நாலைந்து வெளிர்ச் சதுரங்கள் இருந்தன. ஒரு சதுரம் உதடு, ஒரு சதுரம் பல் இல்லாத இடம்.

வயிற்றுக்குள் என்னமோ செய்தது. கடலே இல்லாமல்.

ஒரிஜினல் இல்லை. அதன்மேல்தான் இத்தனையும் செய்திருக்கிறேன். வெட்டி வைத்த துண்டில் இஞ்ஞாசி மட்டும் தெளிவாக இருந்தார். நான் ஒழிக்க நினைத்த ஆள் தெளிவாக இருக்கிறார், காப்பாற்ற நினைத்த பிள்ளை கரைந்துபோயிருக்கிறாள். கேமராவில் மெமரி கார்டு இருக்குமே என்று ஓடிப்போய்த் திறந்தேன். கார்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன இருட்டுதான் இருந்தது. இசபெலிடம் கேட்கலாம். எதற்கு என்று அவள் கேட்பாள். கேட்கவில்லை.

சரி, லாஸ்லெஸ் இருக்கிறதே! படத்தை டிஃப்பாக மாற்றினேன். பிறகு பிஎம்பி என்ற இன்னொரு லாஸ்லெஸ் வகையாக மாற்றினேன். ஃபைல் ஊதிப் பெருத்தது. ஆவலோடு திறந்தேன். கட்டங்கள் அப்படியே இருந்தன. ஒரு கட்டத்தையும் இழக்காமல், மிகுந்த நேர்மையோடு பாதுகாத்து வைத்திருந்தது. நாறின மீனை ஐஸில் வைத்தால் அது நாறின நிலையிலேயே பத்திரமாக இருக்கும். அது மாதிரி. பைபிளில் லாசர் கல்லறையிலிருந்து எழுந்து வந்தார். என் லாஸ்லெஸ் எழுந்து வரவில்லை.

அப்போது லிஜா பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் பின்னால் வந்து நின்றாள்.

“அப்பா, இது நானா?”

“ஆமா மக்கா. இன்னும் வேல முடியல்ல.”

அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். “நான் ஆரப் பாத்துச் சிரிக்கேன்?”

நானும் பார்த்தேன். அவள் வலது பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இசபெலும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அந்தப் பக்கம்தான் சரிந்திருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு குடும்பமே ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றது.

மறுநாள் காலையில், பிஎம்பியை பென் டிரைவில் போட்டுக்கொண்டு திங்கள்சந்தைக்கு பஸ் ஏறினேன். ஞானசிங் ஏதாவது செய்வான். ஸ்டூடியோக்காரன். கறுத்த மாப்பிள்ளையைச் சிவப்பாக்கித் தருகிறவன். ஒரு பிள்ளையின் சிரிப்பைத் திருப்பித் தர மாட்டானா?

ஞானசிங் பென் டிரைவைச் செருகினான். “என்ன அண்ணே, பைலு இம்புட்டுப் பெருசு?”

“லாஸ்லெஸ்” என்றேன். குரலில் தெம்பு இல்லை.

திறந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். “இந்தக் கூனன் ஆரு அண்ணே?”

“நான்தான்.”

“அடடா” என்றான். மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

“இதச் செரியாக்க முடியுமா ஞானசிங்? எனக்க முகம் வேண்டாம். மகளுக்க முகம் மட்டும் போதும்.”

“ஜேபெக்குல போனது போனதுதான் அண்ணே. அதத் திரும்பக் கொண்டு வர முடியாது. ஆனா நீங்க எதுக்கு இதத் தூக்கிட்டு வந்திய? உங்க வீட்டு அக்கா குடுத்த படந்தான் பிரிண்ட் போட்டு பிரேமும் போட்டு ரெடியா இருக்கே.”

“எந்தப் படம்?”

உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தான். தூக்குவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கோயில். வாழைமரம். இசபெல். லிஜா, முன்பல் இல்லாமல் உலகத்தையே சிரிக்க வைக்கிற சிரிப்பு. நான், தலை சரிந்து. ஓரத்தில் இஞ்ஞாசி, முழு உடம்போடு, புருவத் தழும்போடு. என் தோள்மேல் ஐந்து விரல். ஒரு கட்டம் இல்லை. ஒரு புள்ளி இல்லை.

“அக்கா கார்டயே கொண்டு வந்து தந்தாவளே. ஒரிஜினல ஒரு தடவ திறந்தேன், டிஃப்பா மாத்தினேன், பிரிண்ட் போட்டேன், அவ்வளவுதான்” என்றான். “வீட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்ச அண்ணன் இருக்காவளே, மாத்திக் கொண்டு வரப்பிடாதான்னு கேட்டேன். அவருக்கு வேற ஒரு வேல குடுக்கப் போறேன்னு சொன்னாவ.”

அப்போது அவனுடைய செல்போன் அடித்தது. “ஆமா அக்கா. வந்தாச்சு. முன்னாலதான் நிக்காவ. ஆமா, கொண்டு வந்திருக்காவ. செரி அக்கா, அதுவும் போட்டுக் குடுக்கேன்.” பேசி முடித்து, உள்ளே போய், ஒட்டிய கவர் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தான். “இத அக்காகிட்டக் குடுத்துருங்க.”

பஸ்ஸில் பிரேமை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, “நல்ல குடும்பம்” என்றார். இஞ்ஞாசியைக் காட்டி, “தம்பிக்கு அண்ணனா?” என்று கேட்டார். “மச்சான்” என்றேன். அந்தச் சொல்லை ஒரு வருடமாக நான் ஒரு மனுஷனிடமும் கோபம் இல்லாமல் சொல்லவில்லை என்று இறங்கி நடக்கும்போதுதான் தோன்றியது.

இசபெல் முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிரேமைப் பார்த்தும் ஆச்சரியப்படவில்லை.

“கார்ட நீதான் எடுத்தியா?”

“பின்ன? உங்க கையில ஒரிஜினல குடுப்பனா?”

“கம்ப்யூட்டர்ல இருந்தது?”

“அது காப்பி.”

“அப்போ நான் எதுக்கு இத்தன நாளு கண்ணக் கெடுத்தேன்?”

அவள் மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தாள். “ஒரு வருசமா எங்கண்ணனுக்க முகத்த நீங்க ஏறெடுத்துப் பாத்தியளா? ரோட்டுல கண்டா மாட்டுத்தீவனக் கடைக்குள்ள ஏறிருவிய. நான் சொன்னா கேப்பியளா? அழுதேன், கெஞ்சினேன், ஒண்ணும் நடக்கல்ல. ஆனா ஒருத்தர அழிக்கணும்னா அவரப் பாக்காம முடியாதுல்லா? பெருசு பண்ணிப் பெருசு பண்ணி நாளு பூரா பாத்திய. அது போதும்னு நெனச்சேன்.”

“நான் அழிப்பேன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?”

“உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியும். எனக்கு உங்களத் தெரியும்” என்றாள். “சாயங்காலம் அண்ணன் வருவாவ. கடைக்குப் போவாதிய.”

போகவில்லை. எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன்.

இஞ்ஞாசி வந்தார். வாசலில் நின்றார். இசபெல் இரண்டு நாற்காலியைப் போட்டுவிட்டு, அடுக்களையில் அவசர வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது ஒரு வசதி. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

“நான் கொள்ளாம், என்ன?” என்றார் இஞ்ஞாசி.

“வெளிச்சம் கொஞ்சம் கூடுதலு” என்றேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு நாங்கள் பேசியது இதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, “அன்னைக்குப் பந்தியில…” என்று தொடங்கினார். நிறுத்தினார். அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. “எனக்க வாய்க்கு பிரேக் இல்ல மாப்ள. உமக்குத் தெரியும்லா.”

“பிள்ளைக்க முன்னால வேண்டாமாயிருந்து” என்றேன்.

“ஆமா” என்றார். “அது தப்பாக்கும்.”

அவ்வளவுதான். நான் ஒரு வருடமாக மனதில் தயாரித்து வைத்திருந்த நீளமான பேச்சு எதற்கும் தேவைப்படவில்லை.

“படம் எடுக்கதுக்கு முந்தி என்னமோ சொன்னீரே. எல்லாரும் சிரிச்சோம். என்ன சொன்னீரு?”

இஞ்ஞாசி படத்தை உற்றுப் பார்த்தார். “மறந்து போச்சு மாப்ள” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரல் ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். “உள்ளதச் சொன்னா பயமாட்டு இருக்கு. நம்ம கடல்னா எங்க பாறை, எங்க நீரோட்டம்னு தெரியும். அங்க ஒண்ணும் தெரியாது. பாஷயும் தெரியாது.”

எனக்கு அந்தக் கடல் தெரியாது. அந்த வெயில் தெரியும். மத்தியான வேளையில் தலையில் துணி கட்டாமல் நிற்கக் கூடாது, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடித்துவிட வேண்டும், பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் காப்பிதான் கொடுக்க வேண்டும், ஒரிஜினல் பையை விட்டு வெளியே வரக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். நாலு அரபி வார்த்தை சொல்லிக் கொடுத்தேன். அவர் வாயில் அது சண்டை போடுவதுபோல இருந்தது. தனியாக இருக்கிற முதல் மாதம்தான் கஷ்டம் என்று சொன்னேன். எனக்கு அப்படி இருந்தது என்பதை இசபெலிடம்கூடச் சொன்னதில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தாள்.

தேநீரோடு வந்தாள். லிஜாவும் கூடவே வந்து மாமனின் நாற்காலிக் கையில் ஏறி உட்கார்ந்தாள். பெரிய படத்தின் சின்ன பிரிண்ட் ஒன்றை இசபெல் அண்ணனிடம் கொடுத்தாள். “இத அங்க கொண்டு போங்க. எல்லாரும் இருக்கோம்.” இஞ்ஞாசி இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் வேறு பக்கம் பார்த்தேன். வாழ்க்கையில் அபூர்வமாக வரும் நல்ல நிமிடம் அது. அந்த நிமிடத்தில் இசபெல் அந்தக் கவரைப் பிரித்தாள்.

பஸ்ஸில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நானே கொண்டு வந்து கொடுத்த கவர். உள்ளே ஒரு பிரிண்ட். நீல நிற மூட்டை சுமக்கிற ஒரு மனிதன். அவனுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. எல்லாரும் வலது பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இஞ்ஞாசி வாங்கிப் பார்த்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு தன்னைத் தேடினார். பிறகு என் தோளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சத்தத்தை இசபெல் சிரிப்பு என்று சொன்னாள். நாற்காலி ஆடியது. லிஜா கீழே விழாமல் மாமனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அத இஞ்ச தாரும் மச்சான்” என்று கை நீட்டினேன். “கெட்டுப்போன படமாக்கும் அது. கட்டம் கட்டமா இருக்கு. எனக்க முகமே செரியாத் தெரியல்ல.”

இஞ்ஞாசி நல்ல படத்தைத் தங்கச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அதுக்காக்கும் மாப்ள, இதக் கொண்டு போறேன். அங்க பயம் வரும்போ பாத்துச் சிரிக்க ஒண்ணு வேணும்லா?”